சின்ன போனில் அம்மாவின் குரல்

"அது பேசினா நான் பேசின மாதிரி ஆயிடுமாடி?" என்று அம்மா கேட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அது. பொம்மசந்திராவில் எங்கள் ஒற்றை அறைக்குள், ஒரு கம்பளியை இரண்டு பேர் தலைக்கும் மேலே இழுத்து மூடிக்கொண்டு, நடுவில் என் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சத்தம் பதிவில் விழக்கூடாது என்று நான்தான் அப்படி ஏற்பாடு செய்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குக்கருக்கு அது தெரியவில்லை. அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் விசில் அடித்தது. "அதையும் சேத்து எடுத்துக்கோ, என் சொப்புக்கு அவ பருப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் கரகரத்து உடைந்தது. அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது. அவள் கேட்ட கேள்வியும் பதிவாகியிருக்கிறது. கேள்விக்கு நான் ஏதாவது பதில் சொன்னேனா என்று பலமுறை போட்டுக் கேட்டுவிட்டேன். "மா, அடுத்தது சொல்லு" என்கிற என் குரல்தான் வருகிறது.

அம்மா தள்ளுவண்டியில் கீரை விற்றவள். அப்பாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் லோடிங் வேலை கிடைத்ததால் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வந்த சில வருடங்களில் கீரை என்ற சொல்லே எங்கள் வீட்டில் மறைந்து, கன்னடத்துச் சொப்பு ஆகிவிட்டது. விடியற்காலையில் அத்திபெலே பக்கத்திலிருந்து லக்கேஜ் ஆட்டோவில் ஈரச்சாக்கு மூட்டைகள் வந்து இறங்கும். இறுக்கிக் கட்டிய மூட்டை ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும். அவிழ்த்து உதறினால் கட்டில் வரைக்கும் பச்சையாகிவிடும். வாடின இலையைக் கிள்ளி, கைப்பிடிக் கட்டுகளாகக் கட்டி, தண்ணீர் தெளித்து வண்டியில் அடுக்குவாள். அதுவரை அப்பாவும் நானும் கால் வைக்க இடமில்லாமல் கட்டிலின் மேலேயே உட்கார்ந்திருப்போம். நான் கணக்குப் பாடம் போட்டதும் அங்கேதான். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் பள்ளிக்கூடப் படி ஏறின முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அம்மாவின் தொழிலில் பாதி கீரை, பாதி தொண்டை. "சொப்பூ... தண்டின சொப்பு, மெந்த்ய சொப்பு, சப்சிகே..." என்று தண்டு, வெந்தயம், சதகுப்பைக் கீரைகளை அவள் தெருமுனையில் கூவினால் மூன்றாவது சந்தில் கதவு திறக்கும். கன்னட வீட்டில் கன்னடம், தமிழ் வீட்டில் தமிழ், மசூதித் தெருவில் "க்யா மா, கல் நை ஆயே?" என்று நேற்று வராததற்கு ஒரு விசாரிப்பு. எந்த மொழியிலும் முழுசாக ஒரு வாக்கியம் அவளுக்கு வராது, ஆனால் எந்த மொழியிலும் அவளை யாரும் பேரத்தில் ஜெயித்ததில்லை. இப்போது பல வண்டிகளில் பேட்டரி ஸ்பீக்கரைக் கட்டி, பதிவு செய்த குரலை ஓட விடுகிறார்கள். அம்மாவுக்கு அது கட்டோடு பிடிக்காது. "அது கூவும். நின்னு ஒருத்தி கேள்வி கேட்டா பதில் சொல்லுமா?" என்பாள்.

அந்தத் தொண்டையில்தான் வந்தது. முதலில் கரகரப்பு, பிறகு சாப்பாடு இறங்காமை. வெயிலில் கத்துவதால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த பிறகு, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது. கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு தொண்டைக்குள் வால்வு ஒன்று வைத்துப் பேசப் பழக்கலாம், ஆனால் அதற்கு நாள் ஆகும், எல்லாருக்கும் கைகூடும் என்றும் சொல்ல முடியாது என்றார். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவர் இருந்தார். நல்லவர். "அதுவரைக்கும் ஒரு சிலேட்டு வச்சுக்கட்டும், எழுதிக் காட்டலாம். டைப் பண்ணினா பேசுற ஆப்பும் இருக்கு" என்றார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்று நான் சொன்னேன். மேடம் டிராயரைத் திறந்து, "படம் போட்ட அட்டை தரலாம், சாப்பாடு, தண்ணி, பாத்ரூம்..." என்றார். அம்மா அந்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இதுல மாடி வீட்டு அம்மா எங்க?"

மாடி வீட்டு அம்மா என்பது எங்கள் பக்கத்து லேஅவுட்டில் ஒரு கன்னடத்துப் பெண்மணி. தினமும் பேரம் பேசுவார், தினமும் வாங்குவார். அம்மாவுக்கு அவரோடு சண்டை போடாமல் நாள் விடியாது. அட்டையில் சாப்பாடும் தண்ணீரும் இருந்தன. சண்டை இல்லை. வீட்டுக்கு வந்த அன்றே நான் முடிவு செய்தேன். நான் வேலை பார்ப்பது கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில். ஆப் எழுதுவதுதான் என் பிழைப்பு. அம்மாவின் சொந்தக் குரலைப் பதிவு செய்து, படத்தைத் தொட்டால் அந்தக் குரலே பேசும்படி ஒன்று எழுத எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கம்பளிக்குள் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வரிசை வைத்திருந்தேன். அம்மா அதில் பாதியைத் தள்ளிவிட்டாள். "வலிக்குதுன்னு சொல்லு மா" என்றால், "எதுக்கு? என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கடைசி வரை அவள் பதிவு செய்யவேயில்லை. பதிலுக்கு அவளே எடுத்துக்கொடுத்தாள். "தொட்டுத் தொட்டுப் பாக்காதம்மா, சொப்பும்மா அது, கொழந்தை இல்ல." "வேணாம்னா வச்சிட்டுப் போ, எங்க வீட்டுல கொழம்பாயிடும்." மாடி வீட்டுக்குக் கன்னடத்தில் தனியாக ஒன்று: நேற்று வாடின சொப்பு கொடுத்தேன் என்று சொன்ன, இன்றைக்கும் நீயேதானே படி இறங்கி வந்திருக்கிற? அதைச் சொல்லும்போது அவள் கை தானாக இடுப்புக்குப் போனது, கம்பளி சரிந்தது, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் ஒன்று சொன்னாள். "ஏங்க, எழுந்திரிங்க. ஷிப்ட்டுக்கு நேரமாச்சு." அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே எழுந்து உட்கார்ந்தார்.

ஆபரேஷன் முடிந்து, அவள் தேறி, கதிர்வீச்சும் முடிந்து வருவதற்குள் நான் ஆப்பை எழுதி முடித்திருந்தேன். ஒவ்வொரு கீரையையும் என் நல்ல போனில் படம் எடுத்தேன். அம்மாவின் கண் இலையின் நரம்பு வரைக்கும் பார்க்கும் கண், அதனால் படம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். பிறகு அந்தப் படங்களை நன்றாக அமுக்கி, ஒவ்வொன்றும் அரை எம்.பி. கூட வராதபடி சுருக்கினேன். குரல் துண்டுகளையும் சேர்த்து மொத்த ஆப்பும் பன்னிரண்டு எம்.பி. அம்மா வைத்திருந்தது இருப்பதிலேயே மலிவான டச் போன், அதற்கு இது பூ மாதிரி என்று நினைத்தேன். வீட்டில் என் போனில் ஓட்டிக் காட்டினேன். அம்மா படத்தைத் தொட்டாள், தன் குரலைக் கேட்டாள், கழுத்துத் துளையை மூடியிருந்த துணியில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் மாடி வீட்டுக்கான பட்டனை நாலைந்து தடவை அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாமல் அவள் சிரித்ததை முதன்முதலில் அப்போதுதான் பார்த்தேன்.

மீண்டும் வண்டி தெருவில் இறங்கிய முதல் காலை நானும் கூடப் போனேன். அம்மாவின் போனை வண்டியின் கைப்பிடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றோடு இணைத்திருந்தேன். "சொப்பூ" என்று அவள் குரல் தெருவில் எழுந்தபோது இரண்டு வீட்டுக் கதவுகள் உடனே திறந்தன. மாடி வீட்டு அம்மா ஓடிவந்தார். "ஏனம்மா, இஷ்டு தின எல்லி ஹோகித்தே?" என்று, இத்தனை நாள் எங்கே போய்விட்டாய் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கழுத்துத் துணியைப் பார்த்து நின்றுவிட்டார். அம்மா அவருக்கு அழ நேரம் கொடுக்கவில்லை. விரலால் படங்களை மேலே தள்ளி, தண்டைக் காட்டி, மெந்தியத்தைக் காட்டி, சப்சிகேயைக் காட்டி, தன் சண்டைப் பட்டனைத் தேடிப் போனாள். திரை கறுத்தது. ஒரு நொடியில் ஆப் போய், போனின் முகப்புப் படம் வந்து நின்றது. மறுபடி திறந்தாள். கூவியது. மூன்று நான்கு படம் தள்ளினாள். மறுபடி போயிற்று. அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. மாடி வீட்டு அம்மா பேரமே பேசாமல் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு, "பாப", பாவம் என்று, எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்குத்தான் அம்மா அவ்வளவு நாள் பயந்திருந்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அன்றைக்கு வண்டி பாதித் தெருவிலேயே திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் போனைக் கழற்றி என் மடியில் வைத்தாள். கையை விரித்து, உதறினாள். வேண்டாம் என்பதற்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

மறுநாள் ஆபீசில் டெஸ்டிங் அக்காவிடம் சொன்னேன். கண்டோன்மென்ட் சர்ச்சுக்குப் பின்தெருவில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. எங்கள் ஆப்களை உடைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. "எவ்ளோ சைஸ்?" என்றார். பன்னிரண்டு எம்.பி. என்றேன். "ஏய், ஜோக் அடிக்காத. பன்னெண்டு எம்.பி.க்கு ஒரு போன் சாகுமா? அந்த டப்பாவைத் தூக்கிப் போடு. புதுசு வாங்கிக் குடு, மேட்டர் ஓவர்."

"எங்கம்மாவுக்கு வாங்கிடலாங்க்கா. எங்கம்மா மாதிரி இருக்கிறவங்க கையில இந்த டப்பாதானே இருக்கு? இதுலயே ஓட வைக்கிறேன், பாருங்க."

"ரோஷக்காரி" என்று சொல்லிவிட்டு அவர் தன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மாவின் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆப் ஓடும்போது எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று திரையில் ஒரு கோடாக ஓடவிட்டுப் பார்த்தோம். நான் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் அம்மாவின் போனில் அந்தக் கோடு மலை மாதிரி ஏறுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஒரு ப்ரோகிராம் போனில் சும்மா கிடக்கும்போது அது கட்டிவைத்த மூட்டை. ஓட வேண்டுமென்றால் அதை ரேமில் அவிழ்த்தாக வேண்டும். நான் எழுதின வரிகள் மட்டும் அங்கே வருவதில்லை. அந்த வரிகளைப் புரிந்து நடத்துகிற இயக்கம், திரையில் எழுத்து வரையும் பகுதி, தொடுகையைக் கேட்கும் பகுதி, சத்தம் போடும் பகுதி என்று ஒரு கூட்டமே கூட வருகிறது. அடுத்து என்ன கேட்பார்களோ என்று அந்தக் கூட்டம் கொஞ்சம் இடத்தை முன்கூட்டியே வளைத்தும் போட்டுக்கொள்கிறது. ஒரு படமும் ஒரு குரலும் இல்லாத வெறும் திரையே நாற்பது எம்.பி. பிடித்தது. பன்னிரண்டு எம்.பி. ஆப்பின் வெற்றுடம்பு அது.

மீதி மலை படங்கள். நான் அமுக்கிச் சுருக்கியது கோப்பைத்தான். படத்தில் இருக்கும் புள்ளிகளை நான் குறைக்கவில்லை. நாலாயிரம் புள்ளி அகலம், மூவாயிரம் புள்ளி உயரம். திரையில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைத் தனித்தனியாக ரேமில் வைத்தாக வேண்டும், புள்ளிக்கு நாலு பைட். கோப்பாக இருக்கும்போது அரை எம்.பி.க்குள் அடங்கிய ஒரு தண்டுக்கீரை, அவிழ்ந்ததும் நாற்பத்தெட்டு எம்.பி. அம்மா ஒவ்வொரு படமாகத் தள்ளத் தள்ள, அடுத்த கீரை அவிழ்ந்தது. பழையதை நான் கட்டிவைக்கச் சொல்லவில்லை. அந்தப் போனில் மொத்த ரேமே ஒரு ஜி.பி.தான், அதில் முக்கால்வாசியைப் போனும் அதிலிருந்த மற்ற ஆப்களும் பிடித்திருந்தன. இடம் தீர்ந்ததும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என் ஆப்பைக் கொன்றது. என் போனில் இடம் தாராளமாக இருந்ததால் அங்கே இது தெரியவேயில்லை. எங்கள் அறையில் எல்லா மூட்டையையும் ஒரே நேரத்தில் அவிழ்த்திருந்தால் அப்பாவும் நானும் கட்டிலை விட்டு வாசலுக்குப் போயிருக்க வேண்டும். அம்மா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. "அந்தப் போன்ல கட்டைவிரல் அளவுதானே படம் தெரியும்? அதுக்கு எதுக்கு இவ்ளோ புள்ளி? கல்யாண ஆல்பமா போடுற?" என்று டெஸ்டிங் அக்கா என் தலையில் தட்டினார்.

படங்களைத் திரைக்கு வேண்டிய அளவுக்கு வெட்டினேன். அவிழ்ந்தாலும் ஒவ்வொன்றும் கால் எம்.பி.தான் ஆயிற்று. குரலையும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தேன்: தொட்டால் மட்டும் அவிழ்த்து, பேசி முடித்ததும் கட்டிவை. கோடு தரையோடு படிந்து கிடந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அரைமனதாக வாங்கி அழுத்திப் பார்த்தாள். எதுவும் அணையவில்லை. ஆனால் முகம் தெளியவில்லை. என்னை வாடிக்கையாளராக எதிரில் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் மாடி வீட்டு அம்மாவின் குரலில், "இது என்னம்மா, வாடிப்போயிருக்கு" என்றேன். அவள் பட்டனை அழுத்தினாள். அந்தப் பழைய போன் மூட்டையைத் தேடி எடுத்து அவிழ்த்து அவள் பதிலைச் சொல்வதற்குள் ஒரு மூச்சு தாமதமாயிற்று. அம்மா தலையை ஆட்டினாள். தன் வாயைத் தொட்டு, விரலைச் சொடுக்கினாள். தாமதமாக வந்தால் பேரத்தில் அது பதில் ஆகாது, வெறும் சத்தம்.

அப்போதுதான், அவ்வளவு படித்தும் ஓடும் ப்ரோகிராம் ஏன் கூடுதல் இடம் பிடிக்கிறது என்பதன் மறுபாதி எனக்குப் பிடிபட்டது. தயாராக நிற்பதற்கு இடம் வேண்டும். அவிழ்த்து, கையில் எடுத்து, கேட்ட மறுநொடி கொடுக்கிற நிலையில் வைத்திருப்பதற்குத்தான் அந்த மெமரி. எதையும் அவிழ்க்காமல் இருந்தால் இடம் மிச்சம், ஆனால் யாருக்கும் உடனே எதுவும் கிடைக்காது. எல்லாவற்றையும் அவிழ்த்துவைத்தால் வீடே நின்றுபோகும். எது எப்போதும் தயாராக இருக்க வேண்டும், எது காத்திருக்கலாம் என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அம்மாவிடமே கேட்டேன். ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக் காட்டினேன், அவள் தலையை ஆட்டினாள் அல்லது கையை உதறினாள். தண்ணீர் காத்திருக்கலாம். சாப்பாடு காத்திருக்கலாம். மருந்து காத்திருக்கலாம். கூவல், மூன்று மொழி விசாரிப்பு, ஐந்தாறு சண்டை வசனம், இவை எப்போதும் அவிழ்ந்தே இருக்க வேண்டும். கடைசியாக அப்பாவை எழுப்பும் குரலையும் தொட்டு, ஆம் என்று தலையாட்டினாள். "அது எதுக்கு உடனே வேணும்?" என்று அப்பா கேட்டார். அம்மா அதையே அழுத்திப் பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்களுக்கு நன்றாக இருந்தது. மாடி வீட்டு அம்மா முதல் நாள் திகைத்தார், இரண்டாம் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் பழையபடி கீரையைப் புரட்டிப் பார்த்துக் குறை சொன்னார். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்த நடையே வேறு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போன அந்தப் பெண்மணி, "ஏதாவது புதுசா திட்டும்மா" என்று கேட்டாராம். அம்மா சைகையில் அதை எனக்கு நடித்துக் காட்டினாள். புதிதாகத் திட்ட அவளிடம் குரல் இல்லை. கம்பளிக்குள் எடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான். பழைய இரண்டு வசனத்தின் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒன்று செய்து கொடுத்தேன். அரைகுறையாக இருந்தது. அம்மாவுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எடுத்துக்கொண்டாள்.

நோய் நுரையீரலில் மறுபடி வந்தது. இந்த முறை டாக்டர் அதிகம் பேசவில்லை. வால்வு பற்றின பேச்சு நின்றுபோயிற்று. வண்டியை ஒரு தர்மபுரிக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அதன் கைப்பிடியிலிருந்த ரப்பர் பேண்டுகளை அப்பா அறுத்துப் போட்டார். ஆஸ்பத்திரி வார்டில் அம்மாவின் தலைமாட்டில் போன் இருந்தது. அங்கே கூப்பிடு மணி வேலை செய்யாது. வலி கூடும்போது, நர்ஸை அழைக்க வேண்டியபோது, அவளிடம் அதற்கான சொல் இல்லை. வேண்டாம் என்று அவளே விட்டுவிட்ட சொல். ஒருநாள் மத்தியானம் நான் மருந்துச்சீட்டோடு கீழே போய்விட்டுத் திரும்பி வருகிறேன், மாடிப்படியில் பாதியில் எனக்குக் கேட்டது: "சொப்பூ... தண்டின சொப்பு, மெந்த்ய சொப்பு..." வார்டு முழுக்க அந்தக் குரல். எழுந்து உட்கார முடியாதவர்கள்கூடத் தலையைத் திருப்பிச் சிரித்தார்கள். கேரளத்து நர்ஸ் ஒருவர் ஓடிவந்து, "அம்மே, இங்கே கீரை விற்கக் கூடாது" என்று மிரட்டிவிட்டு ஊசியை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கூவல் கேட்டால் வலி என்று வார்டில் எல்லாருக்கும் தெரிந்தது. முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. கடைசி வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் அது கேட்டதும் நர்ஸைத் தேடி எழுந்து போனார்கள். அவள் விரலுக்கு அந்தப் பட்டனைத் தேட வேண்டியிருக்கவில்லை. எப்போதும் அவிழ்ந்தே இருக்க வேண்டும் என்று அவள் தேர்ந்தெடுத்தவற்றில் முதலாவது அது. தொட்ட கணமே எழுந்தது.

அவள் போன பிறகு போனை அப்பா வைத்துக்கொண்டார். அவருக்கும் படிக்கத் தெரியாது, படங்கள் தெரியும். காலையில் ஷிப்ட்டுக்கு அலாரம் வைப்பதை நிறுத்திவிட்டார். விழித்தபடியே படுத்திருந்து, கையை நீட்டி அந்தப் பட்டனைத் தொட்டு, அவள் எழுப்பியதும் எழுந்துகொள்வார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். ஒருநாள் போனை என்னிடம் கொண்டுவந்தார். "பாப்பா, ராத்திரி தொறந்து வச்சிட்டுத்தான் படுக்கிறேன். காலைல பாத்தா இருக்க மாட்டேங்குறா. நடுவுல போயிடுறா." வெகுநேரம் தொடாத ஆப்பை, மற்ற வேலைக்கு இடம் வேண்டுமென்று போனே மெமரியிலிருந்து இறக்கிவிடும், கெட்டுப்போகவில்லை, கோப்பு அப்படியே பத்திரமாக இருக்கிறது, திரும்பத் தொட்டால் வரும் என்று சொன்னேன். இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "திரும்பத் தொட்டா வந்துடுவா இல்ல?" என்றார். "வரும்பா" என்றேன். அன்று பஸ்ஸில் ஆபீஸ் போகும் வழியெல்லாம், கெட்டுப்போகவில்லை என்று நான் சொன்னது என் காதில் இருந்துகொண்டே இருந்தது. என் லேப்டாப்பில் அந்த ப்ரோகிராமை அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை. திறந்தால் ஓட்ட வேண்டும், ஓட்டினால் அவள் கூவுவாள்.

பத்து நாள் முன்பு பேச்சுப் பயிற்சி மேடம் போன் செய்தார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூ விற்கிற ஓர் அம்மா, அதே நோய், அதே ஆபரேஷன், எழுதப் படிக்கத் தெரியாது. "உங்கம்மாவுக்குப் பண்ணீங்களே, அது மாதிரி ஒண்ணு..." என்று இழுத்தார். கேட்கத் தயங்கினார் என்று புரிந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் மேலே சார்ஜில் இருந்த போனைப் பார்த்தார். "இதுல இருந்து எடுக்க மாட்டியே?" என்றார். இதைத் தொட மாட்டேன், தனியாக ஒரு நகல் போட்டுக்கொள்வேன் என்றேன். "அப்படின்னா செய்யி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து நகல் போட்டேன். குரல் கோப்புகளுக்கு நான் வைத்திருந்த பெயர்கள் வரிசையாக நின்றன: மாடிவீடு ஒன்று, மாடிவீடு இரண்டு, மசூதித்தெரு, கொழம்பாயிடும். நகலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எதையும் போட்டுக் கேட்கவில்லை. படங்களையும் எடுத்தேன். எல்லாம் போன பிறகு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை ஓட்டினேன். வெற்றுக் கட்டங்கள் மட்டும் திரையில் வந்தன. தொட்டால் எதுவும் பேசவில்லை. ஓரத்தில் மெமரிக் கோடு ஏறி ஒரு மட்டத்தில் நின்றது. ஒரு சொல்லும் இல்லாத ப்ரோகிராம், நாற்பது எம்.பி. பிடித்துக்கொண்டு, யாராவது தொடுவார்களா என்று காத்திருந்தது. அப்பா டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

முந்தாநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து சிவாஜிநகர் போனேன். டெஸ்டிங் அக்கா பக்கத்திலேயே இருந்த தன் சர்ச் வளாகத்தில் ஒரு சின்ன அறையைத் திறந்து வைத்திருந்தார். கெட்டிக் கதவு, பஸ் சத்தம் உள்ளே வராது. பூக்காரம்மா மடியில் பூக்கூடையோடே வந்தார், அதை வெளியே விட்டு வர மாட்டேன் என்றார். குரல் ஏற்கெனவே பாதிதான் இருந்தது. மைக்கைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, "என்ன சொல்லணும் கண்ணு? வணக்கம் சொல்லணுமா?" என்றார்.

"பஸ் ஸ்டாண்டுல யார்கூட உங்களுக்குத் தினமும் தகராறு?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிற்று. முதுகு நிமிர்ந்தது. "அந்தப் பழக்காரன்! என் நிழல்ல வந்து வண்டிய நிறுத்துவான் பாரு..." என்று ஆரம்பித்தவர் நிற்கவில்லை. முழம் அளக்கும்போது கையைப் பார்க்கிற பெண்களுக்கு ஒன்று, ஓசியில் ஒரு ரோஜா கேட்கும் கண்டக்டருக்கு ஒன்று. நடுவில் இருமல் வந்து நின்றார், தண்ணீர் குடித்தார், மறுபடி அவரே மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் எடுத்தது, அவர் சொல்ல வைத்திருப்பதில் கால்வாசிகூட இருக்காது. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு, "திட்டுறதுக்கே எனக்கு ஒரு முழு நாள் வேணும் கண்ணு. நீ வேலைக்குப் போற பொண்ணு, உனக்கு ஏது நேரம்?" என்றார்.

அவருக்கு ஆபரேஷன் புதன்கிழமை. திங்கட்கிழமைக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.